டேப்பட் கவரா, கிராங்க் சீலா? ஆயில் ஒழுகலைப் பிடிக்க வாங்கிய யூவி செட், ஒரு மாத அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் இன்ஜினில் ஆயில் எங்கே கசிகிறது என்று பார்க்க 740 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கிய யூவி (புற ஊதா) சாயம், டார்ச், மஞ்சள் கண்ணாடி செட்டால் எனக்கு 14,000 ரூபாய் வேலை ஒன்று மிச்சம். ஆனால் அந்தச் செட்டில் சாயம் மட்டும்தான் அருமை, டார்ச் சுமார், கண்ணாடி மோசம். வாங்கலாமா என்று கேட்டால் வாங்கலாம், ஆனால் எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாமல் வாங்கினால் அது வேறு எங்கோ கை காட்டிவிடும், எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது.

எங்கள் வீடு காவேரிப்பட்டணத்தில். 2012 மாடல் சின்ன பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், 88,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் வீட்டிலிருந்து கடைக்கு இரண்டு கிலோமீட்டர், மாசத்துக்கு இரண்டு தடவை தொப்பூர் வழியாக சேலத்தில் அக்கா வீட்டுக்கு, அவ்வளவுதான் ஓட்டம். ஒரு நாள் காலையில் கோலம் போட வந்த அம்மா, "டேய், இங்க வந்து பாரு, உன் வண்டி வாசல் பூரா எண்ணெய் விட்டு வச்சிருக்கு" என்று கூப்பிட்டார். உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பாக ஒரு வட்டம். ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் கம்பியை எடுத்துத் துடைத்துப் பார்த்தால் மேல் கோட்டிலிருந்து பாதிக்கு இறங்கியிருந்தது. நிறைய கார்களில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு லிட்டர், அப்படியென்றால் அரை லிட்டர் போயிருக்கிறது.

பைபாஸ் பக்கம் ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினேன். வண்டியைத் தூக்கி, கீழே நின்று பார்த்துவிட்டு, இன்ஜினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்தில் ஈரமாக இருப்பதைக் காட்டினார். பின்பக்க கிராங்க் ஆயில் சீல் (இன்ஜினின் சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயை அடைக்கிற ரப்பர் வளையம்) போயிருக்கிறது, கியர் பாக்ஸ் இறக்க வேண்டும், எப்படியும் இறக்குகிறோம் என்பதால் க்ளட்ச் செட்டும் போட்டுவிடலாம், எல்லாம் சேர்த்து 14,000 ஆகும் என்றார். அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஈரம் உண்மையாகவே அங்கேதான் இருந்தது.

பாலக்கோட்டில் இருக்கும் பெரியப்பா மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இன்ஜின் அசெம்பிளி லைனில் வேலை பார்க்கிறார். அவரிடம் போனில் சொன்னபோது, "கீழ படுத்துப் பாத்தா எல்லாமே கிராங்க் சீல் மாதிரிதான் தெரியும் தம்பி. பானட்டைத் திற, உச்சியில எங்க ஈரம்னு பாரு, அப்புறம் பணம் செலவு பண்ணு" என்றார். வண்டி ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும், மற்றபடி அது கீழேதான் இறங்கும், அதனால் மேலே ஒரு மூலையில் கசிகிற எண்ணெய் இன்ஜின் ஓரமாகவே வழிந்து கியர் பாக்ஸ் சேரும் இடத்தில் வந்து சொட்டும். ஈரமாக இருக்கிற இடங்களிலேயே மிக மேலே, மிக முன்னால் எது என்பதுதான் கேள்வி.

ஆனால் பத்து வருஷ அழுக்கும் தூசியும் எண்ணெயும் சேர்ந்து கெட்டியான இன்ஜினில் எல்லா இடமும் ஈரமாகத்தான் தெரியும். அதனால்தான் இந்த யூவி செட்டை வாங்கினேன். 30 மில்லி சாயக் குப்பி, மூன்று சின்ன பேட்டரி போடுகிற டார்ச், மஞ்சள் பிளாஸ்டிக் கண்ணாடி. நாலு நாளில் வந்துவிட்டது. விவரத் தாள் பொடி எழுத்தில் இருந்தது, நாலு லிட்டர் ஆயிலுக்கு ஒரு குப்பி என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது. இந்தச் சாயம் எண்ணெயோடு கலந்து இன்ஜின் முழுக்கச் சுற்றும், கசிகிற இடத்தில் எண்ணெயோடு சேர்ந்து வெளியே வரும், இருட்டில் யூவி வெளிச்சம் பட்டால் பச்சை கலந்த மஞ்சளாகப் பளிச்சென்று ஒளிரும். ஏசி கேஸ் கசிவு பார்க்கிறவர்களும் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் அந்தச் சாயம் வேறு, குப்பியில் இன்ஜின் ஆயிலுக்கு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

முதல் தடவை நான் செய்த தப்பு இரண்டு. ஒன்று, புனல் இல்லாமல் ஊற்றினேன், ஆயில் மூடி ஓரத்தில் நாலைந்து சொட்டு சிந்தியது. இரண்டு, அதே கையோடு மற்ற இடங்களையும் தொட்டேன். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் மூடிக்குக் கீழே ஒரு கோடு, டிப்ஸ்டிக் குழாயில் விரல் ரேகை, ஏர் பில்டர் பெட்டியில் விரல் ரேகை, பானட் கம்பியில் கூட ஒளிர்கிறது. எது கசிவு, எது நான் பூசியது என்று பிரிக்கவே முடியவில்லை. ஆக, புனல் கட்டாயம். ஊற்றி முடித்ததும் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மூடியைச் சுற்றிப் பெட்ரோல் நனைத்த பனியன் வேஸ்டால் துடைத்து, உடனே டார்ச் அடித்து அங்கே ஒன்றும் ஒளிரவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

அடுத்த நாள் ஞாயிறு, முழுதாகக் கழுவினேன். இதுதான் இந்த வேலையிலேயே பெரிய வேலை, செட் விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, ஆல்டர்நேட்டர், ஃபியூஸ் பெட்டி, வயர் சாக்கெட்டுகள் மேல் பிளாஸ்டிக் பை கட்டி, பழைய பெயிண்ட் பிரஷ்ஷில் டீசல் தொட்டுத் தேய்த்து, இடுக்குகளுக்குப் பல் தேய்க்கும் பிரஷ், அப்புறம் ஷாம்பு தண்ணீரை ஈரத் துணியில் தொட்டுத் துடைத்தேன். பிரஷர் தண்ணீர் அடிக்கவே அடிக்காதீர்கள், சென்சாருக்குள் தண்ணீர் போனால் அது இன்னொரு செலவு. மதியம் முழுக்க பானட்டைத் திறந்து வெயிலில் விட்டேன். கிருஷ்ணகிரி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு மணி நேரத்தில் சொட்டு ஈரம் இல்லை.

சாயங்காலம் கே.ஆர்.பி. அணை வரை ஓட்டிவிட்டு வந்து இருட்டியதும் பார்த்தேன். இன்ஜின் உச்சியை மூடுகிற டேப்பட் கவரின் பின்பக்கம், கியர் பாக்ஸ் பக்கத்து மூலையில் நூல் மாதிரி ஒரு ஒளிக்கோடு. அது மட்டும்தான். இதற்கா அரை லிட்டர் என்று சந்தேகம் வந்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை சேலம் போய்விட்டுத் திரும்பும்போது விஷயம் புரிந்தது. போகும்போது தொப்பூர் இறக்கம், வரும்போது ஏற்றம். ஏற்றத்தில் இன்ஜின் முக்கி இழுக்கும்போது சிலிண்டருக்குள் எரிகிற வாயு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் கீழே இறங்கும், அது இன்ஜினுக்குள் அழுத்தத்தை ஏற்றும், அந்த அழுத்தம் எங்கே பலவீனமான பேக்கிங் இருக்கிறதோ அங்கே எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும். வீட்டுக்கு வந்து பார்த்தபோது அதே மூலையிலிருந்து விரல் அகலத்துக்கு ஒளிர்கிற பட்டை கிளம்பி, கவருக்குக் கீழே இருக்கிற ஹெட்டின் பின்பக்கம் இறங்கி, கியர் பாக்ஸ் ஓடு மேல் பரவி, ஒர்க் ஷாப்பில் காட்டினாரே அதே இடத்தில் சொட்டாக நின்றது. மேலிருந்து கீழ் வரை ஒரே கோடு, நடுவில் விட்டுப் போகவே இல்லை. அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். உங்கள் வண்டியிலும் பக்கத்திலேயே ஓட்டிப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள், ஒரு ஏற்றம் ஏற்றிவிட்டு வந்து பாருங்கள்.

அதே டார்ச்சில் இன்னொன்றும் மாட்டியது. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்குகிற சேம்பரில், ஆயிலை வடிக்கக் கழற்றுகிற டிரெயின் போல்ட்டைச் சுற்றியும் மெல்லிசாக ஒரு வளையம் ஒளிர்ந்தது. கழற்றிய பிறகு பார்த்தால் வாஷர் நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது. அந்த வாஷர் ஒரு தடவை நசுங்கி அடைப்பதற்காகவே செய்தது, ஆயில் மாற்றும்போதெல்லாம் புதுசு போட வேண்டும், 20 ரூபாய்தான். பழையதையே திருப்பிப் போட்டுவிட்டு இன்னும் இறுக்கினால் சேம்பரின் மரைதான் போகும்.

டார்ச்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் வெளிச்சத்தின் அலைநீளம் 395 நானோமீட்டர் என்று போட்டிருக்கிறது. அதில் ஊதா வெளிச்சமே நிறைய வருவதால் அலுமினியம் எல்லாம் ஊதாவாக மின்னி, மெல்லிய கோடு கண்ணுக்குச் சிக்குவதில்லை. பெரியப்பா மகன் கொண்டு வந்த 365 நானோமீட்டர் டார்ச்சில் அதே மூலையைப் பார்த்தபோது சுற்றிலும் இருட்டு, சாயம் மட்டும் பளிச். முடிந்தால் சாயத்தைத் தனியாகவும் நல்ல டார்ச்சைத் தனியாகவும் வாங்குங்கள். செட்டில் வந்த கண்ணாடியின் காது ஒரே நாளில் ஒடிந்துவிட்டது, ஆனால் யூவி வெளிச்சத்தை நேராகக் கண்ணில் வாங்கக் கூடாது என்பதால் யூவியைத் தடுக்கிற வேறு ஒரு கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

பணமே செலவு செய்ய வேண்டாம் என்கிறவர்களுக்கு முகப் பவுடர் போதும். நன்றாகக் கழுவிக் காய்ந்த இன்ஜினில், ஃபேன், பெல்ட் பக்கம் போகாமல் சந்தேகமான இடங்களில் மட்டும் பவுடரை மெலிசாகத் தூவிவிட்டு ஓட்டிப் பாருங்கள், எண்ணெய் பட்ட இடம் கருத்துக் கோடாகத் தெரியும். டேப்பட் கவர் மாதிரி எட்டுகிற இடத்துக்கு இது சரியாகவே வேலை செய்யும். கை போகாத பின்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும்தான் சாயம் தேவை. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைப்பதும் உதவும், சொட்டு எந்தப் பக்கம், என்ன நிறம் என்று காலையில் தெரிந்துவிடும். பழுப்பு, கருப்பு என்றால் இன்ஜின் ஆயில். பச்சையோ ரோஸோ என்றால் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் ஏசி தண்ணீர், அதற்குப் பயப்பட வேண்டாம்.

சரி, கேஸ்கெட், அதாவது டேப்பட் கவருக்கு அடியில் எண்ணெயை அடைக்கிற அந்த ரப்பர் பேக்கிங். கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் வாங்கினேன். கடைக்காரர் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கி, சேஸ் நம்பரைப் பார்த்த பிறகுதான் டப்பாவையே எடுத்தார், அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். ஒரே மாடலிலேயே வருஷத்துக்கு ஏற்பக் கேஸ்கெட் மாறும். 480 ரூபாய்க்கு கம்பெனி கேஸ்கெட், 130 ரூபாய்க்கு லோக்கல், இரண்டையும் கையில் கொடுத்து, "அமுக்கிப் பாருங்க சார், நீங்களே சொல்லுங்க" என்றார். கம்பெனி ரப்பர் நகத்தால் அமுக்கினால் உள்ளே போய்த் திரும்பி வருகிறது, லோக்கல் அப்படியே கட்டையாக இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சூடாகி ஆறி மெதுவாக இறுகிப் போவதுதான் இந்த ரப்பரின் விதி, வாங்கும்போதே இறுகிப் போனதை வாங்குவதில் அர்த்தம் இல்லை. 350 ரூபாய் வித்தியாசத்துக்காக இந்த வேலையை இரண்டு வருஷத்தில் திரும்பச் செய்யாதீர்கள்.

அவர் கேட்ட இன்னொரு கேள்விதான் எனக்கு மிகவும் உதவியது: "பிசிவி வால்வு பாத்தீங்களா?" பார்க்கவில்லை. இன்ஜினுக்குள் சேருகிற அந்த வாயுவை வெளியே இழுத்து மறுபடியும் எரிக்க அனுப்புகிற சின்ன வால்வு அது. அது அடைத்துக்கொண்டால் அழுத்தம் போக வழியில்லாமல், புதுக் கேஸ்கெட் போட்டாலும் திரும்பக் கசியும். வீட்டுக்கு வந்து கழற்றிக் குலுக்கினேன், நல்ல வால்வு கலகலவென்று சத்தம் போடும், என்னுடையது ஊமையாக இருந்தது, உள்ளே காபி டிகாஷன் மண்டி மாதிரி கசடு. தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் இன்ஜின் முழுதாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிறோம், உள்ளே சேருகிற ஈரம் ஆவியாகாமல் எண்ணெயோடு கலந்து இப்படிக் கசடாகிறது. ஆக, கேஸ்கெட் இறுகிப் போனது பாதிக் காரணம், என் ஓட்டம் மீதிக் காரணம். புது வால்வு 260 ரூபாய். கேஸ்கெட் மாற்றுகிற எல்லாரும் தயவுசெய்து இதைக் குலுக்கிப் பாருங்கள்.

மாற்றும் வேலை கஷ்டமே இல்லை, பொறுமைதான் வேண்டும். ஸ்பார்க் பிளக் மேல் இருக்கிற காயில்களைக் கழற்றும் முன் போன் கேமராவில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன், எந்த சாக்கெட் எங்கே என்று குழம்பாமல் இருக்க. எல்லாம் பத்தாம் நம்பர் போல்ட்டுதான். கவர் ஒட்டிக்கொண்டு வராது, ரப்பர் சுத்தியலால் ஓரத்தில் மெதுவாகத் தட்டினால் போதும், ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் அலுமினியத்தில் கீறல் விழும், அந்தக் கீறலே அடுத்த கசிவு. பழைய கேஸ்கெட் கையில் எடுத்ததும் காய்ந்த முருங்கைக் குச்சி மாதிரி துண்டு துண்டாக ஒடிந்தது. ஒரு துண்டு கூட உள்ளே விழக்கூடாது, அதனால் முதலிலேயே உள்ளே தெரிகிற கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கிற தண்டு) மேல் சுத்தமான துணி விரித்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக் குழிகளிலும் எண்ணெய் நின்றிருந்தது, அங்கே இருக்கிற வட்ட ரப்பர்களும் செட்டோடு வந்தன, அவற்றையும் மாற்றினேன். வண்டி அவ்வப்போது திணறினதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், இப்போது திணறல் இல்லை.

அனபாண்ட் (இடைவெளியை அடைக்கிற டியூப் பசை) பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் கேஸ்கெட் சுற்றிலும் அதைப் பிதுக்கிப் பூசுவது பழக்கமாகிவிட்டது. இந்த ரப்பர் கேஸ்கெட்டுக்கு அது வேண்டாம். ஹெட்டும் டைமிங் செயின் கவரும் சேருகிற இரண்டு இடத்தில் மட்டும் பயறு அளவுக்கு ஒரு பொட்டு வைத்தால் போதும். அதிகம் பூசினால் உள்பக்கம் பிதுங்கியது என்றைக்காவது பிய்ந்து விழும், நேராகச் சேம்பருக்குப் போய் ஆயில் பம்ப் உறிஞ்சுகிற சல்லடையில் அடைத்துக்கொள்ளும். எண்ணெய் ஒழுகுவதை நிறுத்தப் போய் இன்ஜினுக்கே எண்ணெய் போகாமல் செய்துவிடுவோம்.

இறுக்கும்போது பெரியப்பா மகன் தன் டார்க் ரெஞ்சோடு (குறித்த அளவு இறுகியதும் டிக் என்று சொல்கிற ஸ்பானர்) வந்து பக்கத்திலேயே நின்றார். நடுவிலிருந்து ஆரம்பித்துக் குறுக்கும் நெடுக்குமாக, முதலில் எல்லாவற்றையும் கையால், அப்புறம் பாதி, அப்புறம் முழுசு. இந்த அளவு போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் வரும், உங்கள் வண்டிக்கான சரியான அளவைச் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். ரெஞ்ச் டிக் என்று சொன்னபோது எனக்கு ஆச்சரியம், கைக்கு இது ரொம்ப லூஸாகத் தெரிந்தது. "இன்னும் ஒரு சுத்து போடலாமாண்ணா?" என்றேன். "போட்டா ஹெட்டுல மரை போகும், இல்லன்னா கவர் வளையும், ரெண்டுல எது வேணும்?" என்றார். விட்டுவிட்டேன். அனபாண்ட் முழுதாகக் காய ஒரு நாள் ஆகும் என்பதால் அடுத்த நாள் சாயங்காலம் வரை ஸ்டார்ட் செய்யவில்லை.

டிரெயின் வாஷருக்காக ஆயிலையும் பில்டரையும் மாற்றினோம், அதற்கும் நேரம் வந்திருந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள், ஸ்டாண்டு போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, வண்டியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள், அதன் மேலேயே புதுசு போட்டால் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சும். எடுத்த பழைய ஆயிலைக் கேனில் ஊற்றிப் பழைய ஆயில் சேகரிக்கிற ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிட்டேன். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள், நாம் குடிக்கிறது போர் தண்ணீர்.

குப்பியில் மீந்திருந்த கொஞ்சம் சாயத்தைப் புது ஆயிலில் ஊற்றினேன், இந்தத் தடவை புனலோடு. புது ஆயில் தெளிவாக இருப்பதால் கொஞ்சமே போதுமாக இருந்தது. பழைய கருப்பு ஆயிலில் ஒளி மங்கும், எனவே ஆயில் ரொம்பக் கருத்திருந்தால் மாற்றிவிட்டுச் சாயம் போடுவதே நல்லது.

இந்த ஒரு மாசத்தில் இரண்டு தடவை தொப்பூர் ஏற்றம் ஏறியாகிவிட்டது. இரண்டு தடவையும் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன், மூலை காய்ந்து கிடக்கிறது, டிரெயின் போல்ட்டும் அப்படியே. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டிலிருந்து இறங்கவில்லை. ஆயில் செலவை விட்டுவிட்டால் செட் 740, கேஸ்கெட் 480, வால்வு 260, வாஷர் 20, அனபாண்ட் சின்ன டியூப் 100, மொத்தம் 1,600 ரூபாய். இடையில் பெரியப்பா மகன் தன் 100 சிசி பைக்குக்கும் மிச்சச் சாயத்தில் நாலு சொட்டு விட்டுப் பார்த்தார், செயின் கிரீஸ் என்று இத்தனை நாள் துடைத்துக்கொண்டிருந்தது கியர் ஷாஃப்ட் சீல் கசிவு என்று தெரிந்தது.

எல்லாக் கசிவையும் வீட்டில் பார்க்க முடியாது. உங்கள் சாயக்கோடு மேலே எங்குமே இல்லாமல், கியர் பாக்ஸ் சேருகிற இடத்தின் உள்ளிருந்தே கிளம்பினால் அது உண்மையிலேயே கிராங்க் சீல்தான், ஒர்க் ஷாப்புக்குப் போங்கள், அங்கே அவர் கேட்கிற பணம் நியாயமானது. சைலன்சர் பக்கம் எண்ணெய் சொட்டி எரிகிற வாசனையோ புகையோ வந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள். ஓடும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று நினைக்காமல் அங்கேயே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.

சாயத்துக்கு ஐந்துக்கு ஐந்து. டார்ச்சுக்கு இரண்டரை. கண்ணாடிக்கு மார்க் இல்லை. காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கம் யாருக்காவது ஒரு ராத்திரிக்கு டார்ச் மட்டும் தேவை என்றால் கீழே எழுதுங்கள், தருகிறேன். சாயத்தை மட்டும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், என் குப்பி தீர்ந்துவிட்டது.